கண்ணால் பார்த்தது போதாதா? பொதுப்புத்தியும் ஊகத் தத்துவமும்

விடியற்காலையில் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போகிறவர்கள் பார்ப்பது இதுதான்: சூரியன் கடலிலிருந்து மேலே வருகிறது, காலடியில் தரை அசையாமல் கிடக்கிறது. இதைச் சொல்ல யாருக்கும் படிப்பு வேண்டாம். ஆனால் அங்கே வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டு நிற்பவரைப் பூமி மணிக்குச் சுமார் 1,600 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே தூக்கிக்கொண்டு போகிறது. சென்னை இருக்கிற அட்சரேகைக்குக் கணக்குப் போட்டால் வரும் வேகம் அது. இன்றைக்கு இதைப் பள்ளிக்கூடப் பிள்ளையே சொல்லிவிடும். முதலில் சொன்னவர் பாடுதான் திண்டாட்டம்.

நம் பக்கத்தில் அப்படிச் சொன்னவர் ஆரியபட்டர். 499-ம் ஆண்டை ஒட்டி எழுதிய ஆரியபட்டீயத்தில் அவர் ஒரு படகைக் காட்டுகிறார். முன்னே போகும் படகில் இருப்பவனுக்குக் கரையில் அசையாமல் நிற்பவை பின்னே போவதாகத் தெரிகிறது. அதே மாதிரிதான் அசையாத விண்மீன்கள் மேற்கே நகர்வதாக நமக்குத் தெரிகிறது என்கிறார். கொஞ்ச காலத்துக்குள்ளேயே, 6-ம் நூற்றாண்டில், வராகமிகிரர் பூமி சுழல்கிறது என்ற கருத்தை எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். அப்படியானால் வானத்தில் பறக்கப் போன பருந்து தன் கூட்டுக்கு எப்படித் திரும்பி வரும்? கூடுதான் கிழக்கே ஓடிப்போயிருக்குமே!

வராகமிகிரரைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. கேள்வி நியாயமான கேள்வி. பூமி சுழல்கிறது என்று சொல்கிறவர், கூடு தேடி வரும் பருந்துக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும். ஆரியபட்டரின் உரைகாரர்கள் பலரே இந்த இடத்தில் நெளிந்து, அவர் சொன்னதற்கு வேறு பொருள் சொல்லிப் பார்த்தார்கள். தெளிவான பதிலை 1632-ல் வெளிவந்த தன் உரையாடல் நூலில் கலிலியோ எழுதினார். ஒரே சீராகப் போகும் கப்பலின் மூடிய அறைக்குள் வண்ணத்துப்பூச்சிகளைப் பறக்கவிட்டால், கப்பல் நின்றிருந்தபோது எப்படிப் பறந்தனவோ அப்படியேதான் பறக்கும். கப்பலின் வேகத்தில் அவற்றுக்கும் பங்கு உண்டு என்பதால் பின்சுவரில் போய் ஒட்டிக்கொள்ளாது. கும்மிடிப்பூண்டி லோக்கல் டிரெயின் கொருக்குப்பேட்டை தாண்டி வேகம் பிடித்த பிறகு ஒரு ரூபாய்க் காசைச் சுண்டிப் பாருங்கள். காசு உங்கள் கைக்கே வரும். பருந்து கூட்டுக்கு வருவதும் அப்படித்தான்.

இந்த ஒரு கதைக்குள்ளேயே நம் விஷயம் முழுவதும் இருக்கிறது. கண்ணால் பார்த்தும் பழகியும் எல்லோரும் ஏற்றுக்கொண்டிருப்பதைப் பொதுப்புத்தி என்கிறோம். தரை அசையாது, நெருப்புச் சுடும், நேற்று போய்விட்டது, எதிரே நிற்பவருக்கும் மனம் என்று ஒன்று உண்டு. இவற்றை யாரும் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்வதில்லை. இதையெல்லாம் தாண்டி, உலகம் அடிப்படையில் எப்படிப்பட்டது என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லிப் பார்க்கிற முயற்சிதான் ஊகத் தத்துவம். எது உண்மையில் இருக்கிறது, காரணம் என்றால் என்ன, காலம் என்றால் என்ன, மனமும் உடலும் எப்படிச் சேர்ந்தன என்பவை அதன் கேள்விகள். இரண்டும் அடிக்கடி முட்டிக்கொள்வதால், ஒன்று ஜெயித்தால் இன்னொன்று தோற்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஊகத் தத்துவம் பொதுப்புத்திக்குக் கடன்பட்டது. கடன் கொடுத்தவர் சொல்வதையெல்லாம் கேட்க வேண்டியதில்லை, ஆனால் கணக்கைத் தீர்க்காமலும் இருக்க முடியாது.

இந்த உறவை நன்றாக எழுதியவர் ஆல்ஃபிரட் நார்த் வைட்ஹெட். அடிப்படையில் கணித அறிஞர். பெர்ட்ரண்ட் ரஸலோடு சேர்ந்து 1910 முதல் 1913 வரை மூன்று பெரிய தொகுதிகளில் கணிதத்துக்கே அடித்தளம் போட முயன்றவர். 1929-ல் வெளிவந்த அவருடைய தத்துவ நூல், ஊகத் தத்துவம் என்றால் என்ன என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறது. நம் அனுபவத்தில் வருகிற ஒவ்வொன்றையும் விளக்கக்கூடிய, ஒன்றோடொன்று பொருந்துகிற பொதுக் கருத்துகளின் அமைப்பைக் கட்டும் முயற்சி என்பது, சுருக்கமாக, அவர் தரும் வரையறை. அந்த முயற்சியை அவர் விமானப் பயணத்துக்கு ஒப்பிடுகிறார். குறிப்பிட்ட சில அனுபவங்கள் என்ற தரையிலிருந்து விமானம் கிளம்புகிறது, கற்பனையின் மெல்லிய காற்றில் பறக்கிறது, மறுபடி தரைக்கு இறங்கி முன்பு கவனிக்காததைக் கவனிக்கிறது. கிளம்பாத விமானத்தால் பயன் இல்லை. இறங்காத விமானத்தில் யாரும் ஏறக் கூடாது.

இது ஐரோப்பியர் மட்டும் செய்த காரியம் அல்ல. 13-ம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்கள் கொண்டது. பதி, பசு, பாசம் (இறைவன், உயிர், உயிரைக் கட்டும் தளை) என்று உச்சிக்குப் போகிற நூல் எங்கே தொடங்குகிறது தெரியுமா? 'அவன் அவள் அது எனும் அவை' என்று தொடங்குகிறது. தெருவில் நாம் பார்க்கிற ஆணும் பெண்ணும் பொருளும்தான் முதல் வரி. இவை தோன்றுகின்றன, நிற்கின்றன, அழிகின்றன, அதனால் இவற்றுக்கு ஒரு கருத்தா, அதாவது செய்பவர், வேண்டும் என்று அங்கிருந்து மேலே ஏறுகிறது. அந்த முடிவை நீங்கள் ஏற்கலாம், ஏற்காமல் போகலாம். கிளம்பிய இடத்தைக் கவனியுங்கள். இந்தியத் தத்துவம் என்றாலே 'எல்லாம் மாயை' என்று பெருமூச்சு விடுவது என நினைப்பவர்களுக்காகவும் இதைச் சொல்கிறேன். சைவ சித்தாந்தம் உலகம் உண்மை என்றே சாதிக்கிறது. மாயை பேசும் சங்கரரின் அத்வைதம்கூட அன்றாட உலகைத் தூக்கி எறிந்துவிடவில்லை. விவகார நிலையில் (அன்றாட வாழ்க்கையில்) உண்மை, பரமார்த்த நிலையில் (முடிவான உண்மையில்) வேறு என்று இரண்டு தட்டு வைத்து, பொதுப்புத்திக்குக் கீழ்த் தட்டில் ஓர் இடம் கொடுத்துவிடுகிறது.

சரி, முட்டிக்கொள்ளும் இடத்துக்கு வருவோம். வட சென்னையில் இதை விளக்கக் கேரம் போர்டைவிட நல்ல கருவி கிடையாது. வியாசர்பாடியிலோ புதுவண்ணாரப்பேட்டையிலோ ஒரு கேரம் கிளப்பில் போய் நில்லுங்கள். பையன் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிறான், அது காயினில் படுகிறது, காயின் பாக்கெட்டுக்குள் விழுகிறது. ஸ்ட்ரைக்கர் பட்டதால் காயின் நகர்ந்தது என்று சொல்வோம். டேவிட் ஹ்யூம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பில்லியர்ட்ஸ் பந்துகளை வைத்துக் கேட்ட கேள்வியை இங்கே கேட்டுப் பார்க்கலாம். ஸ்ட்ரைக்கர் வந்ததைப் பார்த்தாய், பட்டதைப் பார்த்தாய், காயின் நகர்ந்ததைப் பார்த்தாய். நகர்ந்தே ஆக வேண்டும் என்கிற கட்டாயத்தை எங்கே பார்த்தாய்? நான் இதை ஒரு பையனிடம் கேட்டபோது, "இதுல பாக்க இன்னாண்ணா இருக்கு? அடிச்சேன், பூட்ச்சு" என்றான். ஹ்யூமை எதிர்த்துப் பொதுப்புத்திக்காக வாதாடிய தாமஸ் ரீட் எழுதிய புத்தகத்தின் சாரத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அவரிடம் பின்னால் வருகிறேன்.

ஹ்யூமின் பதில் எளிமையானது, ஆனால் வயிற்றைக் கலக்கக்கூடியது. ஒன்றுக்குப் பின் ஒன்று வருவதைப் பலமுறை பார்த்ததால், முதலாவதைப் பார்த்ததும் இரண்டாவதை மனம் எதிர்பார்க்கப் பழகிவிட்டது. கட்டாயம் என்பது போர்டில் இல்லை, பழகிய மனத்தில் இருக்கிறது. அப்படியானால் நாளைக்கும் காயின் நகரும் என்பதற்கு என்ன ஆதாரம்? இதுவரை நகர்ந்திருக்கிறது என்பதுதான். இதுவரை நடந்ததே இனியும் நடக்கும் என்பதற்கு? அதற்கும் அதே பதில்தான். சுற்றிச் சுற்றி வந்து நிற்கிறோம். ஹ்யூம் இதை எழுதிய நூல் வெளிவரத் தொடங்கியது 1739-ல், அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. இன்றுவரை இதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விடை இல்லை.

ஆனால் அதே ஹ்யூம் அதே நூலில் மனம் திறந்து ஒன்றைச் சொல்கிறார். இந்தச் சிந்தனைகளால் தலை கனத்துப் போகும்போது சாப்பிடப் போவேன், நண்பர்களோடு பேக்கமன் ஆடுவேன், பேசிச் சிரிப்பேன், மூன்று நான்கு மணி நேரம் கழித்து இந்த வாதங்களுக்குத் திரும்பி வந்தால் அவை குளிர்ந்துபோய், வலிந்து செய்தவையாக, சிரிப்பு வரவழைப்பவையாகத் தெரிகின்றன என்கிறார். தத்துவ நூல்களில் இவ்வளவு நேர்மையான பக்கம் குறைவு. ஆனால் ஒரு பெரிய ஓட்டையும் இங்கேதான் தெரிகிறது. எழுதும் மேஜையில் ஒரு நம்பிக்கை, ஆட்டப் பலகையில் வேறு நம்பிக்கை என்றால், இவற்றில் எது அவருடையது?

ரீட் பிடித்துக்கொண்டது இந்த ஓட்டையை. 1764-ல் வெளிவந்த நூலில் அவர் சொன்னதன் சாரம் இது: சில நம்பிக்கைகளுக்குக் காரணம் காட்ட முடியாது, ஆனால் அவற்றை விட்டுவிட்டு வாழவும் முடியாது, நம் இயல்பே அப்படி அமைந்திருக்கிறது. அவற்றை மறுக்கும் தத்துவவாதியும் மறுத்து முடித்த கையோடு அவற்றை வைத்துத்தான் கதவைத் திறந்து வெளியே போகிறார். காரணம் காட்ட முடியாதது அந்த நம்பிக்கைகளின் குறை இல்லை. காரணம் காட்டுவதற்கே அவைதான் அடித்தளம்.

இதைச் சரியாகப் பயன்படுத்தாவிட்டால் வெறும் வம்பாகிவிடும். அதற்குப் பேர்போன உதாரணம் ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனின் உதை. தத்துவவாதி ஜார்ஜ் பெர்க்லி 1710-ல், நாம் அறிவதெல்லாம் மனத்தில் தோன்றுபவற்றைத்தான், அவற்றுக்குப் பின்னால் யாரும் உணராத 'ஜடப்பொருள்' என்று ஒன்று இல்லை என்று எழுதினார். 1763-ல் ஒருநாள் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, ஜான்சன் ஒரு பெரிய கல்லை ஓங்கி உதைத்து, இப்படித்தான் நான் இதை மறுக்கிறேன் என்றாராம். கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் எண்ணூர் போகும் சாலையில் கடலோரமாகக் கொட்டிவைத்திருக்கும் கருங்கல்லை நீங்கள் உதைத்தால், உங்களுக்குக் கிடைப்பது கடினமும் வலியும். இரண்டும் உணர்வுகள். பெர்க்லி அவற்றை மறுக்கவே இல்லையே! கால் வலித்ததுதான் மிச்சம். இதில் வேடிக்கை, பெர்க்லி தன்னைச் சாதாரண மக்களின் கட்சிக்காரராகவே நினைத்தார். மக்கள் நம்புவது கண்ணில் படும் கல்லை, கண்ணில் படாத ஜடப்பொருளை நம்புவது தத்துவவாதிகள்தான் என்பது அவர் வாதம்.

1939-ல் ஆங்கிலத் தத்துவவாதி ஜி. இ. மூர் லண்டனில் சொற்பொழிவாற்றும்போது ஒரு கையைத் தூக்கி, இதோ ஒரு கை என்றார். மற்றொன்றைத் தூக்கி, இதோ இன்னொரு கை என்றார். ஆகவே மனத்துக்கு வெளியே பொருள்கள் இருக்கின்றன என்று முடித்தார். இதுவும் உதையும் ஒன்றா? ஒன்றில்லை என்பது என் கணிப்பு. எனக்குக் கை இருக்கிறது என்பதில் எனக்கு இருக்கும் உறுதி, அதை மறுக்கும் எந்த வாதத்தின் படியிலும் எனக்கு இருக்கும் உறுதியைவிடப் பெரிது என்பதுதான் மூரின் கணக்கு. வாதம் எவ்வளவு அழகாக இருந்தாலும், கடைசி வரி 'உனக்குக் கை இருப்பது உனக்குத் தெரியாது' என்று வந்தால், நடுவில் எங்கோ கணக்குத் தப்பியிருக்கிறது என்று சந்தேகிக்க நமக்கு உரிமை உண்டு.

வைட்ஹெட் இந்தச் சண்டையில் கறாராக ஒரு கோடு போட்டார். ஹ்யூம் போல, தத்துவத்தில் கிடைக்காததை 'நடைமுறை' என்ற பெயரில் பின்வாசல் வழியாகக் கொண்டுவரக் கூடாது. நடைமுறையில் எது இருக்கிறதோ அதற்குத் தத்துவ விளக்கத்துக்குள் இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் குறை விளக்கத்தில், அதைத்தான் திருத்த வேண்டும். கேரம் ஆடுகிற பையன் அடுத்த ஷாட்டுக்குக் கோணம் பார்க்கிறான். அவன் செய்வதை 'பழக்கம்' என்ற ஒரு சொல்லில் முழுவதுமாக விளக்க முடிந்தால் ஹ்யூம் தேறினார், முடியாவிட்டால் பாக்கி வைத்திருக்கிறார். பாக்கி இருக்கிறது என்பது வைட்ஹெட் கட்சி. என் ஓட்டும் அந்தப் பக்கம்தான்.

இதுவரை பொதுப்புத்திக்கு நிறைய மரியாதை கொடுத்தாகிவிட்டது. அப்புறம் என்ன, எல்லோரும் சொல்வதே சரி என்று போய்விடலாமா? திருவள்ளுவர் ஓர் இடத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்கிறார். 'உலகத்தார் உண்டென்பது இல்லென்பான் வையத்து அலகையா வைக்கப் படும்.' 850-வது குறள். உலகம் உண்டு என்பதை இல்லை என்பவனைப் பேயாக வைத்து எண்ணுவார்களாம். பரிமேலழகர் உரையைப் புரட்டினால், உயர்ந்தோர் பலர் உண்டு என்று சொல்லும் பொருள்களாகக் கடவுளும் மறுபிறப்பும் இருவினைப்பயனும் வந்து நிற்கின்றன. இவற்றில் எது கண்ணால் கண்டது? ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் யாரோ யோசித்து, வாதாடி, நிலைநாட்டிய ஊகம். நாளாக ஆக வாதம் மறந்துபோய் முடிவு மட்டும் நின்றுவிட்டது. அதைத்தான் பிறகு 'உலகத்தார் உண்டென்பது' என்கிறோம்.

கண்ணால் கண்டதை மட்டும் நம்புவேன் என்று கறாராக நிற்கலாமே என்றால், அதற்கு மணிமேகலையே ஒரு கேள்வி வைத்திருக்கிறாள். வஞ்சி நகரில் அவள் ஒவ்வொரு சமயவாதியாகக் கேட்டுக்கொண்டு வரும்போது பூதவாதி ஒருவனைச் சந்திக்கிறாள். காட்சி ஒன்றே பிரமாணம் (அறிவுக்கு ஆதாரம்), மறுமை என்பதெல்லாம் பொய் என்பது அவன் கொள்கை. உன் தாய் தந்தை யார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி நீ அறிவாய் என்று கேட்கிறாள். அவன் பிறந்ததை அவன் பார்க்கவில்லையே! மறுபிறப்பு விஷயத்தில் நான் பூதவாதி பக்கம் என்றாலும், இந்தச் சுற்றில் ஜெயித்தது மணிமேகலைதான்.

இத்தாலியின் மார்க்சியச் சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்சி இதை அரசியல் கேள்வியாக்கினார். முசோலினியின் அரசு 1926-ல் அவரைக் கைது செய்தது. 1929 முதல் சிறையில் எழுதிய குறிப்பேடுகளில், எல்லா மனிதர்களும் தத்துவவாதிகளே என்கிறார். அதே மூச்சில், அவர்களுடைய பொதுப்புத்தி பழைய மதங்களும் பழைய தத்துவங்களும் பழைய அறிவியலும் விட்டுப்போன வண்டல்கள் சேர்ந்த கதம்பம் என்றும் சொல்கிறார். யாருடைய கையில் அதிகாரம் இருந்ததோ அவர்களுடைய பார்வையும் அந்த வண்டலில் படிந்திருக்கும். இது வட சென்னைக்காரருக்குத் தனியாக விளக்க வேண்டிய விஷயமே இல்லை. 'அந்த ஏரியாவா? ஜாக்கிரதை' என்பது ஊரின் மற்ற பகுதிகளில் பொதுப்புத்தி. சினிமாவும் தன் பங்குக்கு அதை உரமிட்டு வளர்த்திருக்கிறது. வீடு வாடகைக்குக் கேட்கும்போதும் வேலைக்கு விண்ணப்பம் போடும்போதும் முகவரியைப் பார்த்துவிட்டு முகம் மாறுகிறவர், தான் ஒரு கருத்தைச் சுமந்துகொண்டிருப்பதாகவே நினைப்பதில்லை. 'எல்லோருக்கும் தெரிந்ததுதானே' என்பார். பிறப்பால் ஒருவர் தாழ்ந்தவர் என்பதும் இதே போல எல்லோருக்கும் தெரிந்ததாகத்தான் இருந்தது.

ஆக, பொதுப்புத்தி என்ற ஒரே பைக்குள் இரண்டு வேறு சரக்கு இருக்கிறது. பிரிக்க நான் பயன்படுத்தும் சோதனை இது: இதை மறுத்துவிட்டு ஒருநாள் வாழ முடியுமா? சூரியன் எழுவதாக நம்புவதை விட்டுவிடலாம், மீன் வாங்குவது நிற்காது. வட சென்னை பற்றிய பயத்தை விட்டுவிடலாம், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. சாதியை விட்டவர்கள் வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் சுண்டினால் காயின் நகரும் என்பதை விட்டுவிட்டு அடுத்த ஷாட் ஆட முடியாது. எதிரே இருப்பவருக்கு மனம் உண்டு என்பதை விட்டுவிட்டு அவரோடு சண்டைகூடப் போட முடியாது. ரீட் காக்க நினைத்தது இந்த இரண்டாவது வகையை. கிராம்சி கிளற நினைத்தது முதல் வகையை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான், பூமி சுழல்வதை மறுக்கிறவரும் கை இருப்பதை உறுதியாகச் சொல்கிறவரும் ஒரே கட்சி போலத் தோன்றுகிறார்கள். சோதனை எல்லா இடத்திலும் சுத்தமாக வேலை செய்யாது என்பதும் உண்மை. கடவுளை எந்த வகையில் வைப்பது என்று கேட்டால் வீட்டுக்கு வீடு வேறு பதில் வரும்.

இன்னும் கணக்குத் தீராத ஒரு வழக்கைச் சொல்லி நிறுத்துகிறேன். 1905-ல் வந்த ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டின்படி, 'இப்போது' என்பது பிரபஞ்சம் முழுவதற்கும் ஒன்றாக இருக்க முடியாது. வேறு வேறு வேகத்தில் போகிறவர்களுக்கு எந்தெந்த நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் நடந்தன என்பதே மாறிவிடும். இதிலிருந்து சில தத்துவவாதிகள் மேலே பறந்து, நேற்றும் இன்றும் நாளையும் சமமாக இருக்கின்றன, காலம் நகர்வது என்பது நமக்கு அப்படித் தோன்றுவது மட்டும்தான் என்ற முடிவுக்குப் போனார்கள். 1922-ல் பாரிஸில் ஐன்ஸ்டைனுக்கு நேராகவே எழுந்து, கடிகாரம் அளப்பது மட்டும் காலம் ஆகிவிடாது, நாம் வாழ்ந்து உணர்கிற காலம் என்று ஒன்று உண்டு என்று வாதாடியவர் பிரெஞ்சுத் தத்துவவாதி ஹென்றி பெர்க்சன். இயற்பியலில் அவர் தடுக்கி விழுந்தார் என்றுதான் பலர் சொல்வார்கள். ஆனால் அவர் கேட்டது வராகமிகிரர் கேட்டது மாதிரியான கேள்வி. காலம் நகரவில்லை என்றால், நகர்வதாக ஏன் தெரிகிறது? படகில் போகிறவனுக்கு மரம் பின்னே போவதாகத் தெரிவதற்கு ஆரியபட்டரிடம் விளக்கம் இருந்தது. இங்கே நினைவு என்பது கடந்த காலத்துக்கு மட்டுமே இருக்கிறது, அதனால் அப்படித் தோன்றுகிறது என்று ஒரு பதில் சொல்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் நினைவு இருப்பது அதில் புரிகிறது. தங்கசாலையில் எண்ணூர் பஸ்ஸுக்கு நிற்பவருக்குப் போன பஸ் ஏன் போயேவிட்டது, வரப்போகிற பஸ் ஏன் இன்னும் வரவே இல்லை என்பதற்கு அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. உங்களுக்குப் போதலாம்.